இரண்டாவது கார்டில் இருந்த பெயர்கள்

அன்று காலை ஆறரை மணிக்கு அந்த அறையில் இருந்தவர்கள் இவர்கள்.

கியர்ஸ்டன். எங்கள் பொறுப்பாளர். மேசையின் தலைப்பில், கையில் பென்சிலோடு.

யென்ஸ். முன்பு இறைச்சித் தொழிற்சாலையில் பன்றி வெட்டியவர். வயது ஐம்பத்தெட்டு. வாய் ஓயாது.

இங்கர். கோப்பி ஊற்றிக்கொண்டு நின்றார்.

லிஸ். குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

ரதி. எங்கள் பிரிவுக்கு வந்து ஒரு மாதம். வயது முப்பத்திரண்டு. அவளுடைய தாயும் தம்பியும் வன்னியில், கடற்கரைப் பக்கம் இருந்தார்கள். கடைசியாகக் கதைத்தது சித்திரையில்.

நான். தவமணி.

சுவரோரம் சார்ஜ் தட்டில் ஐந்து பீடிஏ. ஐந்தும் கறுத்துக் கிடந்தன.

அது போர் முடிந்த திங்கட்கிழமை.

எங்கள் சங்கத்து மலருக்கு ஓய்வு பெற்றவர்கள் ஏதாவது எழுத வேண்டும் என்று கேட்டார்கள். நான் எட்டாம் வகுப்பு. எழுத வராது என்று சொல்லிவிட்டேன். பிறகு எனது பிரியாவிடை அன்று வேலையில் ஒரு தமிழ்ப் பிள்ளை கேட்டாள்: "அன்ரி, அந்தக் காலத்தில கம்பியூட்டர் இல்லாமல் எப்பிடி மெசினுக்குள்ள புரோகிராம் போட்டனீங்கள்?" அவளுடைய போனில் எல்லாம் தானாக வந்து இறங்குகிறது. விரல் கூட வைக்கத் தேவையில்லை. அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. கேக் வெட்டினோம். பதில் இதுதான்.

டென்மார்க்குக்கு வந்தபோது எனக்கு இருபத்தெட்டு வயது. கோழித் தொழிற்சாலையில் ஏழு வருடம். பாடசாலை கூட்டித் துடைத்தது நாலு வருடம். பிறகு நகரசபையான கொம்யூனில் முதியோர் பராமரிப்புப் படிப்பு. எழுத்துச் சோதனையில் இரண்டு தரம் விழுந்தேன். வாய்ச் சோதனையில் தப்பினேன். வீடு இக்காஸ்ட் என்ற ஊரில். வேலை அங்கிருந்து காரில் அரை மணித்தியாலம் தள்ளி. ஊரின் பெயரை எழுதவில்லை.

வேலை இதுதான். தனியாக இருக்கும் வயது போனவர்களின் வீடுகளுக்குப் போக வேண்டும். எழுப்ப வேண்டும், கழுவ வேண்டும், சாப்பாடு கொடுக்க வேண்டும், அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். ஒரு காலைக்குப் பத்து வீடு, பதினொரு வீடு.

பீடிஏ என்பது உள்ளங்கையில் பிடிக்கும் சின்னக் கம்பியூட்டர். அதில் அன்றைய பட்டியல் இருக்கும். யார், எத்தனை மணிக்கு, என்ன செய்ய வேண்டும், சாவி இலக்கம் என்ன. போய் வந்ததும் பெயருக்குப் பக்கத்தில் சரி போட வேண்டும். ஒவ்வொரு காலையும் மேசைக் கம்பியூட்டரோடு பொருத்தி வைத்தால் புதுப் பட்டியல் ஏறும்.

அந்தத் திங்களுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மேசைக் கம்பியூட்டரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். புதியது செவ்வாய் வரும் என்றார்கள். கம்பியூட்டர் பார்க்கும் பெடியன் ஒரு சின்ன மெமரி கார்ட் கொண்டுவந்து கியர்ஸ்டனிடம் கொடுத்தான். புரோகிராமும் வரப்போகும் கிழமையின் பட்டியலும் அதில் இருக்கு, ஏதும் நடந்தால் இதைப் போடுங்கள் என்றான். கியர்ஸ்டன் அதை என்னிடம் தந்தார். பீடிஏக்கு ஏதும் நடந்தால் நான்தான் பார்ப்பேன்.

எனக்கு டேனிஷ் நீளமாக வாசிக்க வராது. அதனால் நான் வாசிப்பதில்லை. எண்ணுவேன்.

அந்த வகைப் பீடிஏக்குப் பற்றரி முழுக்க இறங்கினால் எல்லாம் போய்விடும். புரோகிராம், பட்டியல், நேரம், எல்லாம். திரும்ப உயிர் வரும்போது அது பெட்டி உடைத்த நாளில் இருந்தபடி இருக்கும். முதலில் திரையில் ஒரு சிலுவை வரும். அதன் நடுவில் பேனையால் குத்த வேண்டும். சிலுவை வேறு மூலைக்கு ஓடும். அங்கேயும் குத்த வேண்டும். ஐந்து தரம். பிறகு திகதி வரும். எப்போதும் ஒரே திகதி. ஏதோ ஒரு பழைய வருடத்தின் தை முதலாம் நாள், மதியம் பன்னிரண்டு மணி. அதைக் கையால் திருத்த வேண்டும். பிறகு கார்ட்டைத் தலைப்பக்கம் செருக வேண்டும், 'டிக்' என்று கேட்கும்வரை. கோப்புப் பெட்டியைத் தொடு, ஒன்று. கார்ட்டின் படத்தைத் தொடு, இரண்டு. புரோகிராமைத் தொடு, மூன்று. எங்கே போடுவது என்று கேட்கும். மெசினுக்குள், நாலு. பச்சைக் கோடு ஓடும். மூன்று நிமிடம். பொத்தல் ஒன்று இருக்கும், அதற்குள் பேனை நுனியை விட்டு அமத்தி, நிறுத்தி எழுப்ப வேண்டும், ஐந்து. வேலையாள் இலக்கம், ஆறு. ரூட் இலக்கம், ஏழு. பட்டியலை எடுக்கவா என்று கேட்கும். 'யா', அதாவது ஓம், எட்டு.

எட்டு. அவ்வளவுதான். ஆறு வருடம் இப்படித்தான் செய்தேன். ஒரு பிழை வந்ததில்லை.

அன்று சார்ஜ் தட்டின் வயர் சுவரில் இருந்து கழன்று நிலத்தில் கிடந்தது. யார் கழற்றினார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. ஞாயிறு மாலை வேலை செய்தவர்கள் தாங்கள் இல்லை என்றார்கள். பற்றரிகள் பழையவை. ஒரு இரவு தாங்காது.

கியர்ஸ்டன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் சத்தம் போடமாட்டார். கடிகாரத்தை வைப்பார். அதுதான் சத்தம்.

"எவ்வளவு நேரம், தவமணி?" டேனிஷில் கேட்டதை எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

"ஒண்டுக்குப் பத்து நிமிசம். அஞ்சுக்கும் அம்பது."

"அம்பது நிமிசம் இல்லை. ஏழு மணிக்கு ஆக்கள் எழும்ப வேணும்."

யென்ஸ் சொன்னார்: "என்னட்டைத் தாங்கோ, ஒரு அடி போட்டால் எழும்பும். பண்டி எல்லாம் அப்பிடித்தான்."

"பண்டி எழும்பினதோ யென்ஸ்?" என்றார் லிஸ்.

"இல்லை. ஆனால் முறைப்பாடு வரேல்லை."

நான் இப்போது ஒன்றைச் சொல்ல வேண்டும். என்னிடம் இரண்டு கார்ட் இருந்தன.

மாசி மாதம் புரோகிராம் மாற்றியபோது வேறொரு கார்ட் தந்திருந்தார்கள். அதிலும் ஒரு பட்டியல் இருந்தது. வேலை முடிந்ததும் திருப்பி அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் உடைத்து எறிய வேண்டும் என்பது சட்டம். நான் அனுப்பவில்லை, உடைக்கவும் இல்லை. பெயர்கள் உள்ள எதையும் நான் எறிவதில்லை. அகதி முகாமில் ஒரு தரம் பட்டியல் துலைந்து, பதியப்படாதவர்களாக இரண்டு கிழமை நின்றோம். அதற்குப் பிறகு வந்த பழக்கம். பேர்ஸில் போட்டு வைத்தேன். பிறகு மறந்துபோனேன்.

அந்த ஞாயிறு இரவு நான் நித்திரை கொள்ளவில்லை. ரதியும் கொள்ளவில்லை. இங்கே எந்தத் தமிழ் வீட்டிலும் யாரும் கொள்ளவில்லை. அதை ஒரு காரணமாகச் சொல்லவில்லை. நடந்தது அது.

பேர்ஸைத் திறந்தேன். ஒரு கார்ட் கையில் வந்தது. அதன் பின்னால் இன்னொன்று கிடந்தது. இரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு. பெடியன் இரண்டு தந்திருக்கிறான், நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தேன். இரண்டாவதை ரதியிடம் கொடுத்தேன்.

"நீ உன்ரையையும் யென்ஸின்ரையையும் போடு. நான் மற்ற மூண்டையும் போடுறன். எட்டுத் தரம் தொடுறது. வாசிச்சு மினைக்கெடாத. எண்ணு."

ரதி நன்றாக டேனிஷ் வாசிப்பாள். ஆனால் அவளுடைய போன் மடியில் இருந்தது. கண் அதில்தான்.

நான் இரண்டாவது மெசினில் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்: "அக்கா, இதில ஒண்டு கூடக் கேக்குது."

"என்ன கேக்குது?"

"பட்டியல் ஏதோ பழசு எண்டு. போடவோ எண்டு."

"எல்லாம் பழசுதானே. யா அமத்து."

அமத்தினாள். இரண்டு மெசினிலும் அமத்தினாள்.

ஏழு மணிக்கு எல்லோரும் வெளியே போனோம். சாவிப் பலகையில் இருந்து அவரவர் பட்டியல் சொன்ன இலக்கத்துச் சாவிகளை எடுத்துக்கொண்டோம். அன்று மூடுபனி. ரேப்ஸ் என்ற எண்ணெய்விதைச் செடி பூத்திருந்த காலம். பனிக்குள் வயல்கள் மஞ்சளாகத் தெரிந்தன. வயல் தெரிந்தது, வீடு தெரியவில்லை. வெளிச்சம் நிலத்தில் இருந்து வருவது போல இருந்தது. நான் பத்து வருடம் ஓடிய ரோட்டு. அன்று ஒரு திருப்பத்தைத் தவறவிட்டுத் திரும்பி வந்தேன்.

பன்னிரண்டரைக்கு எல்லோரும் அறைக்குத் திரும்பினோம். பாண் பிரித்தோம். யென்ஸ் சிரித்துக்கொண்டே இருந்தார்.

"தவமணி, உன்ரை மெசின் இண்டைக்கு என்னை எங்க போகச் சொன்னது தெரியுமோ? கம்மாவைக் குளிக்க வார்க்கச் சொன்னது."

கம்மா என்பது ஒரு கிழவி. பங்குனியில் செத்துப்போனவர். யென்ஸும் சவப்பெட்டி தூக்கியவர்களில் ஒருவர்.

"போய் என்ன செய்தனீங்கள்?" என்றார் இங்கர்.

"போகேல்லை. இவ்வளவு காலமும் குளிக்கமாட்டன் எண்டு நிண்டவ. இப்பவாவது நிம்மதியா விடுவம் எண்டு விட்டிட்டன்."

லிஸ் சிரித்தார். நானும் கொஞ்சம் சிரித்தேன். கியர்ஸ்டன் சிரிக்கவில்லை. பாணைக் கீழே வைத்தார்.

"செத்த ஆக்கள் அதில இருந்தால்," என்றார், "ஆர் அதில இல்லை?"

கியர்ஸ்டன் எழுந்து சாவிப் பலகைக்கு முன்னால் போய் நின்றார். காலை வேலைச் சாவிகள் எல்லாம் மூன்று மணிவரை எங்கள் இடுப்பில்தான் இருக்கும். பலகை வெறுமையாக இருக்க வேண்டும். அதில் ஒரு சாவி தொங்கியது. முப்பத்தொன்று.

கியர்ஸ்டனிடம் ஒரு கொப்பி இருந்தது. கொப்பி வைத்திருக்கக் கூடாது, எல்லாம் மெசினில்தான் என்று கொம்யூன் சொல்லியிருந்தது. அவர் வைத்திருந்தார். புரட்டினார்.

"எல்லன். வியாழக்கிழமை ஆஸ்பத்திரியால வந்தவ. இடுப்பு முறிவு. சலரோகம், காலைல ஊசி." பென்சில் நுனி அந்த வரியில் நின்றது. "ரதி, உன்ரை ரூட். எல்லனைக் கண்டனியோ?"

"எல்லன் எண்டு பட்டியலில இல்லை."

"ஆரைக் கண்டனி?"

கியர்ஸ்டன் எப்போதும் அப்படித்தான் கேட்பார். என்ன செய்தாய் என்று கேட்கமாட்டார். யாரைக் கண்டாய் என்றுதான் கேட்பார். ரதி மெசினைப் பார்த்துப் பெயர்களை வாசித்தாள். ஐந்தாவது பெயருக்குக் கியர்ஸ்டன் கையை உயர்த்தினார்.

"ஆக்ஸலோ?"

"ஓம். எட்டு நாப்பதுக்கு."

"ஆக்ஸலைக் கண்டனியோ?"

"கண்டனான்... காணேல்லை. கதைச்சவர். கதவைத் திறந்து மோர்ன் எண்டு வணக்கம் சொன்னனான். உள்ளறைக்க இருந்து மோர்ன் எண்டவர். பட்டியலில எழுதிக் கிடந்தது, படுக்கிற அறைக்க போக வேண்டாம், அவரே எழும்பி வருவார் எண்டு. லைட் எரிஞ்சுகொண்டு இருந்தது. கஞ்சி வைச்சனான். பால் இருக்கேல்லை, தண்ணியில காய்ச்சினன்."

யென்ஸ் என்னைப் பார்த்தார். நான் யென்ஸைப் பார்த்தேன். ஆக்ஸல் செத்துப் பத்துக் கிழமை. மகன் நோர்வேயில். வீட்டை இன்னும் விற்கவில்லை. சாவியைத் திருப்பி வாங்க யாரும் வரவில்லை.

அதை அவளுக்கு யாரும் அந்த நேரம் சொல்லவில்லை. நேரம் இல்லை. எல்லனை நேற்று மாலை எட்டு மணிக்கு மாலைப் பிரிவு படுக்க வைத்தது. இப்போது ஒரு மணி. பதினேழு மணித்தியாலம்.

"தவமணி, வா," என்றார் கியர்ஸ்டன்.

காரில் நான் சொன்னேன். இரண்டு கார்ட் இருந்தது, பழையதை நான்தான் கொடுத்தேன், மெசின் கேட்டது, நான்தான் யா அமத்தச் சொன்னேன் என்று. கியர்ஸ்டன் ரோட்டைப் பார்த்தபடி கேட்டார்.

"கேட்டதோ?"

"ஓம். பழசு எண்டு சொல்லிக் கேட்டது."

"சரி."

அந்தச் 'சரி'யை நான் இன்றும் எங்கே வைப்பதென்று தெரியாமல் வைத்திருக்கிறேன்.

எல்லனின் வீடு ஊருக்கு வெளியே. சுற்றிவர மஞ்சள். பனி கலைந்து வெயில் வந்திருந்தது. காற்று இல்லை, குருவி இல்லை. கார்க் கதவைச் சாத்திய சத்தம் வயலுக்குள் போய்த் திரும்பி வரவில்லை. கியர்ஸ்டன் சாவியைப் போட்டார். கதவு திறந்தது.

உள்ளே யாரோ எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

மெல்லிய குரல். ஒரே தாளத்தில். ஆயிரத்துக்கு மேல் போய்விட்ட எண்கள். கியர்ஸ்டன் வாசலில் அசையாமல் நின்றார். இருபத்தைந்து வருடம் அந்த வேலை செய்தவர். அவருடைய கை என் முழங்கையைப் பிடித்ததை நான் முதலும் கடைசியுமாக அன்றுதான் உணர்ந்தேன்.

கட்டிலில் ஆள் இல்லை. குரல் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்து வந்தது. கிழவி அங்கே சரிந்து கிடந்தார். ஒரு கால் போர்வைக்குள் சுற்றியபடி. உதடு வெடித்து இருந்தது. கண் திறந்து, கூரையைப் பார்த்தபடி. நாங்கள் குனிந்தபோதும் எண்ணுவதை நிறுத்தவில்லை. நான் கன்னத்தைத் தொட்டேன். குளிர்ந்து இருந்தது. அப்போதுதான் நிறுத்தினார்.

"நீங்கள் நேற்றைய ஆக்களோ," என்று கேட்டார், "இண்டைய ஆக்களோ?"

"இண்டைய ஆக்கள்," என்றார் கியர்ஸ்டன்.

"அப்ப சரி. நேற்றைய ஆக்கள் கனபேர் வந்து போட்டினம். ஒருத்தரும் தூக்கேல்லை."

அம்புலன்ஸ் பதினாறு நிமிடத்தில் வந்தது. அதுவரை நாங்கள் தூக்கவில்லை. இடுப்பு. நிலத்தில் பக்கத்தில் படுத்துச் சூடு கொடுத்தேன். பஞ்சில் தண்ணீர் நனைத்து உதட்டில் வைத்தேன். ஏன் எண்ணினீர்கள் என்று கேட்டேன். நிறுத்தினால் அவர்களோடு போய்விடுவேன் என்று நினைத்தேன் என்றார். யாரோடு என்று நான் கேட்கவில்லை.

எல்லன் பிழைத்தார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் அந்த வீட்டில் இருந்தார். என்னிடம்தான் குளிப்பார்.

அறிக்கையில் எனது பெயரை நானே எழுதினேன். எழுத்துப் பிழை இருந்தது. கியர்ஸ்டன் திருத்தவில்லை, அப்படியே அனுப்பினார். எழுத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது. அடுத்த மாதத்தில் இருந்து, கார்ட் போட்டு ஏற்றும்போது ஒருவர் திரையைச் சத்தமாக வாசிக்க வேண்டும், மற்றவர் தொட வேண்டும் என்று கியர்ஸ்டன் விதி வைத்தார். பிழை விட்டவளே பொறுப்பு என்று என்னைத்தான் தொட வைத்தார். ரதி வாசித்தாள்.

ஆனால் அந்த நாள் இன்னும் முடியவில்லை.

அம்புலன்ஸ் போனதும் கியர்ஸ்டன் எல்லோரையும் அறைக்குக் கூப்பிட்டார். ஐந்து பீடிஏயையும் வாங்கி லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார். கொப்பியில் இருந்து பெயர்களைக் கையால் எழுதி ஐந்து தாள் தந்தார். எல்லனை என் தாளில் எழுதி, தானே சரி போட்டார்.

"எல்லா வீடும் திருப்பிப் போக வேணும். இண்டைக்கே. மெசின் சொன்னதை ஒருத்தரும் நம்பாதேங்கோ. காலைல கண்டனான் எண்டதும் எனக்கு வேண்டாம். கையாலை தொட்ட ஆளுக்கு மட்டும் சரி போடுங்கோ."

"செத்தவையையும் தொட வேணுமோ?" என்றார் யென்ஸ்.

"யென்ஸ்."

"சரி, சரி. போறன்."

ரதிக்கு அப்போதுதான் கியர்ஸ்டன் ஆக்ஸலைப் பற்றிச் சொன்னார். அவள் அழவில்லை. "அப்ப ஆர் கதைச்சது?" என்றாள்.

"ரேடியோவா இருக்கும். வெறும் வீடுகளில கள்ளருக்குப் பயந்து லைட்டும் ரேடியோவும் நேரத்துக்குப் பத்த வைக்கிறவை."

ரதி தலையாட்டினாள். பிறகு என்னிடம் தமிழில் சொன்னாள்: "அக்கா, நான் கஞ்சி கிண்டேக்க எனக்கு ஒரு கோல் வந்தது. நீட்டு நம்பர். அம்மாவாக்கள் எடுக்கிற மாதிரி நம்பர். ஹலோ ஹலோ எண்டனான். ஒருத்தரும் கதைக்கேல்லை. காத்துச் சத்தம் மட்டும். நாலு நிமிசம் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். அதுக்குப் பிறகு உள்ளறைக்க அந்த மனுசன் என்னவோ சொன்னவர். எனக்கு விளங்கேல்லை. ஓம் எண்டு சொல்லிச் சரி போட்டிட்டு வந்திட்டன்."

"பேந்து எடுத்துப் பாத்தியோ அந்த நம்பருக்கு?"

"எடுத்தன். இல்லாத நம்பராம்."

கியர்ஸ்டன் ஆக்ஸலின் சாவியை அவளிடமிருந்து வாங்கி என்னிடம் தந்தார். செத்தவரின் வீட்டில் யாராவது ஆள் இருந்தால் எங்களுக்குத் தெரிய வேண்டும் என்றார். ஐந்து மணிக்கு, எனது கடைசி வீட்டுக்குப் போக முதல், நான் அங்கே போனேன்.

முன்னறையில் விளக்கு எரிந்தது. நேரம் வைத்துப் பத்துகிற விளக்கு, சுவரில் அந்தச் சின்னப் பெட்டி இருந்தது. மேசையில் கஞ்சிக் கோப்பை. மேலே ஆடை படிந்து, தொடாமல் அப்படியே. பக்கத்தில் கரண்டி. படுக்கை அறையைத் திறந்தேன். மெத்தையைச் சுவரில் நிமிர்த்தி வைத்திருந்தார்கள். கட்டில் சட்டம் மட்டும் நின்றது. யன்னல்கள் உள்ளே பூட்டு. ஒருவரும் இல்லை. கட்டில் தலைமாட்டில் ஒரு ரேடியோ இருந்தது. அதன் வயரை வளையமாகச் சுற்றி, ரப்பர் பட்டி போட்டு, ரேடியோவின் மேலே வைத்திருந்தார்கள். அடியில் பற்றரிப் பெட்டியின் மூடி திறந்து கிடந்தது. பற்றரி இல்லை. மேலே தூசி. விரல் அடையாளம் இல்லை.

கோப்பையைக் கழுவி வைத்தேன். கதவைப் பூட்டினேன். கியர்ஸ்டனிடம் வீட்டில் ஆள் இல்லை என்றேன். அது உண்மை. ரதியிடம் ரேடியோ இருக்கிறது என்றேன். அதுவும் உண்மை. மற்றதை இன்றைக்குத்தான் எழுதுகிறேன். ரதி இதை வாசிப்பாள் என்று தெரியும். போன கிழமை கேட்டேன். "எழுதுங்கோ அக்கா," என்றாள். தாயையும் தம்பியையும் பற்றி எழுதவோ என்று கேட்டேன். அது தன்னுடையது என்றாள். ஆகவே அதை எழுதவில்லை.

ஏழு மணிக்கு அறைக்கு வந்தோம். மே மாதம், வெயில் இன்னும் மேசையில் கிடந்தது. தாள்களைக் கியர்ஸ்டனுக்கு முன்னால் வைத்தோம். கொப்பியில் உயிரோடு இருப்பவர்கள் ஐம்பத்திரண்டு பேர்.

இங்கர் பத்து. லிஸ் பதினொன்று. யென்ஸ் பத்து. நான், எல்லனோடு, பதினொன்று. ரதி ஒன்பது.

கியர்ஸ்டன் கூட்டினார். மறுபடி கூட்டினார்.

"அம்பத்தொண்டு."

கியர்ஸ்டன் ரதியின் தாளை எடுத்துப் பார்த்தார். பத்துப் பெயர். கடைசிப் பெயருக்குச் சரி இல்லை.

"போவுல். போகேல்லையோ?"

"போனனான். கதவு உள்ளால கொளுவி. தட்டினன். 'காலைலயும் வந்தனீங்கள், இப்பவும் வாறியள், போங்கோ, நான் நல்லா இருக்கிறன்' எண்டு பேசினவர். நல்ல சத்தம்."

"அப்ப இருக்கிறார்தானே," என்றார் லிஸ்.

"குரல் கேட்டது," என்றாள் ரதி. "தொடேல்லை."

லிஸ் ஏதோ சொல்ல வந்தார். கியர்ஸ்டன் பென்சிலைத் தாளின் மேல் வைத்தார். சரி போடவில்லை. கடிகாரத்தை எடுத்துக் கையில் கட்டினார்.

"தவமணி, இவளைக் கொண்டுபோ. நாங்கள் இருக்கிறம்."

ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. நானும் ரதியும் போனோம். போகும் வழியில் அவளுடைய போன் இரண்டு தரம் அடித்தது. இரண்டும் இங்கே உள்ள ஆட்கள். மூன்றாவது தரம் அவள் எடுக்கவில்லை.

போவுலின் கதவு இன்னும் கொளுவியே இருந்தது. ரதி தட்டினாள். உள்ளே கதிரை நகர்ந்தது. பிறகு குரல்.

"திரும்பவும் நீங்களோ?"

"நாங்கள்தான். கதவைத் திறவுங்கோ."

"எனக்கு ஒண்டும் வேண்டாம்."

"எங்களுக்கு வேணும்," என்றாள் ரதி.

நான் யன்னல் பக்கம் போகத் திரும்பினேன். ரதி அசையவில்லை. கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு கொளுக்கி விழுந்த சத்தம். கதவு ஒரு சாண் திறந்தது. உள்ளே இருட்டு. அந்த வெளிச்சத்தில் இருந்து பார்க்க, முகம் தெரியவில்லை. ஒரு கை மட்டும் கதவு விளிம்பைப் பிடித்திருந்தது. அது வெள்ளையாக, ஆடாமல் இருந்தது.

ரதி அந்தக் கையைப் பிடித்தாள். இரண்டு கையாலும் பிடித்தாள். நான் எண்ணிக்கொண்டு நின்றேன், பழக்கம். முப்பதுக்கு மேல் போனது.

"ஆராவது நான் செத்துப்போனன் எண்டு சொன்னவையோ?" என்றார் போவுல்.

"இல்லை. எண்ணிக்கொண்டு திரியிறம்."

"நான் எத்தினையாவது?"

"கடைசி."

"அப்ப விடு, பிள்ளை. நோகுது."

அறைக்கு வந்தபோது நாலு பேரும் அதே இடத்தில் இருந்தார்கள். கோப்பி ஆறிப்போய் இருந்தது. ரதி தானே பென்சிலை எடுத்துச் சரி போட்டாள். பிறகு ஐந்து தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பெயரிலும் விரலை வைத்துத் தமிழில் சத்தமாக எண்ணினாள். விளங்காவிட்டாலும் கியர்ஸ்டன் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் அவரைப் பார்த்தாள்.

"இன்னொருதரம்," என்றார் கியர்ஸ்டன்.

ரதி முதல் தாளில் இருந்து திரும்பத் தொடங்கினாள். வெயில் மேசையில் இருந்து சுவருக்கு ஏறியது. கடைசிப் பெயரில் விரல் நின்றது.

ஐம்பத்திரண்டு.